ஜேடு செடி பூக்கவே மாட்டேன் என்கிறது: உப்புத் தண்ணீரா, வெயிலா, என்ன காரணம்?

கேள்வி (மண்டபம்):
வணக்கம். மொட்டை மாடியில் இரண்டு ஜேடு செடிகள், இரண்டுக்கும் ஐந்து வயது. தழைத்து நிற்கின்றன, மொட்டு மட்டும் இல்லை. செம்மண் பாதி, தேங்காய் நார்த்தூள் பாதி. மாதம் ஒரு கை மண்புழு உரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போர் தண்ணீர். தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. மாடிப்படி விளக்கு விடிய விடிய எரியும். பக்கத்தில் கலஞ்சோ பூச்செடி உண்டு. வாங்கும்போது இருந்த பூவோடு சரி. அடீனியம் (பாலைவன ரோஜா) ஒன்றும் இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில் (ராமநாதபுரம்):
முதலில் இலையை அளந்து சொல்லுங்கள். நம் ஊர் நர்சரிகளில் ஜேடு என்ற பேரில் இரண்டு வேறு செடிகள் விற்கிறார்கள்.

கேட்டவர்:
பெரிய தொட்டியில் இருப்பதன் இலை சுண்டுவிரல் நகம் அளவு, தண்டு செம்பழுப்பு. மற்றதில் இலை கட்டைவிரல் நீளம், தடிப்பு, வெயிலில் விளிம்பு சிவக்கும்.

பதில் (ராமநாதபுரம்):
நகம் அளவு இலை உள்ளது போர்ட்டுலக்கேரியா ஆஃப்ரா. தென்னாப்பிரிக்காவில் யானை மேயும் புதர். தொட்டியில் அது பூப்பது அபூர்வம். அதை போன்சாய்க்கு வெட்டி வளையுங்கள், பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கட்டைவிரல் இலை உள்ளதுதான் அசல் ஜேடு, கிராசுலா ஒவேட்டா. கிளை நுனியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ ஐந்து இதழ் நட்சத்திரமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இனிமேல் பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

பதில் (கீழக்கரை):
உப்பு பூத்திருக்கிறது என்றீர்களே, அதை முதலில் சரிசெய்யுங்கள். போர் தண்ணீரில் உள்ள உப்பு ஆவியாகாது, மண்ணிலேயே தங்கும். வேர் முனை கருகும். இலையில் நீர் சேமிக்கிற செடி என்பதால் பல மாதம் வெளியே தெரியாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். 500 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) இருந்தால் தாராளமாக ஊற்றலாம். 1500 தாண்டினால் தொட்டிச் செடிக்கு அது ஆகாது. மழைநீரைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் காவிரி கூட்டுக் குடிநீரில் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். ஒரு ஜேடுக்கு வாரம் அரை லிட்டர் போதும், அவ்வளவு தண்ணீர் ஒதுக்க முடியும்.

நார்த்தூளும் கழுவாமல் போட்டால் உப்புதான். அதோடு ஈரத்தை விடாது. தை கழிந்து மண் மாற்றுங்கள்: கரடான ஆற்றுமணல் 2 பங்கு, செம்மண் 1, உடைத்த செங்கல் 1, நன்றாக மட்கிய தொழு உரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் என்றால் தூசியைச் சலித்து 2 முதல் 4 மில்லிமீட்டர் துகளை மட்டும் எடுங்கள். கடற்கரை மணலை எத்தனை தடவை கழுவினாலும் போடாதீர்கள், சிப்பிச் சுண்ணாம்பு போகாது. நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் கூடாது. வேருக்கு மீறிய பெரிய தொட்டியும் வேண்டாம்.

பதில் (தொண்டி):
மண் சரியானாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஜேடு மொட்டு விட மூன்று வேண்டும்: நீண்ட இருட்டு, காய்ந்த மண், குளிர்ந்த இரவு. மூன்றாவது நம்மிடம் இல்லை. 10 முதல் 15 டிகிரி இரவு அதற்கு உகந்தது. நம் கரையில் மார்கழியிலும் 22க்குக் கீழே போவது அரிது. ஆகவே கொடைக்கானலில் பூப்பதுபோல் இங்கே வருஷா வருஷம் பூக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மற்ற இரண்டையும் பிசகாமல் கொடுத்தால் வாய்ப்பு உண்டு, முயற்சி வீணில்லை.

ஆடிக்குப் பிறகு நுனி கிள்ளாதீர்கள். மொட்டு நுனியில்தான் வரும், கிள்ளினால் அந்த வருஷப் பூவைக் கிள்ளுகிறீர்கள். மண்புழு உரத்தையும் அப்போதே நிறுத்துங்கள், தழைச்சத்து இலையைத்தான் கூட்டும். ஆவணி, புரட்டாசியில் 0:52:34 உரம் (தழைச்சத்து இல்லை, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும்) லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், மாதம் ஒரு தடவை போதும்.

ஐப்பசிதான் முக்கியம். செடி காய வேண்டிய நேரத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும். முதல் பெருமழையில் ஒரு நாள் நனையவிடுங்கள், தொட்டி உப்பு அடியில் ஓடிவிடும். மறுநாளே வெயில் விழுகிற தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள், நான்கைந்து மணி நேர வெயில் கட்டாயம். அப்புறம் இலை லேசாகச் சுருங்கும் வரை தண்ணீர் காட்டாதீர்கள். மூன்று வாரம்கூடத் தாங்கும். மொட்டு தெரிந்ததும் அளவாக ஊற்றலாம்.

மாடிப்படி விளக்கை அணையுங்கள், முடியாவிட்டால் தொட்டியை அதன் வெளிச்சம் படாத மூலைக்கு நகர்த்துங்கள். கலஞ்சோ பூக்காததற்கும் பெரும்பாலும் அந்த விளக்குதான் காரணம். பகல் 12½ மணி நேரத்துக்குள் குறைந்தால்தான் அது மொட்டு கட்டும். டிசம்பரில் நமக்குப் பகல் 11½ மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே குளிர்நாட்டுக்காரர்கள் செய்வதுபோல் இருட்டுக்காகச் செடிமேல் அட்டைப்பெட்டி கவிழ்க்கும் வேலை வேண்டாம், நம் புழுக்கத்தில் அழுகிவிடும். பழைய பூத்தண்டை வெட்டி, ஐப்பசி முதல் இருட்டு கொடுங்கள். மாசிக்குள் பூக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. ஜேடு கணுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, வேப்பெண்ணெய் அடிக்கலாமா? மழையில் அடீனியத்தை என்ன செய்ய?

பதில் (கீழக்கரை):
அது மாவுப்பூச்சி. ஜேடுக்கு எண்ணெய் வேண்டாம், இலையின் மெழுகுப் பூச்சு போய்த் தழும்பு விழும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று முறை. எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அதுதான் பூச்சியைச் செடிக்குச் செடி கொண்டுபோகும்.

அடீனியத்துக்கு நம் கரை வெயில் பொருத்தம், மழை மட்டும் பகை. கார்த்திகை முடியும் வரை கூரைக்கடியில் வையுங்கள். அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றால் அன்றைக்கே பிடுங்கி, அழுகலை வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் ஏழு நாள் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். பால் விஷம், கையுறை போடுங்கள். கல் மாதிரி இருந்தால் கவலையில்லை. மாசியில் கிளைகளைப் பாதியாக வெட்டுங்கள், புதுத் தளிர் நுனியில் பூ வரும்.