டாஹாவ் முகாமுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா? போனவர்கள் சொல்லுங்கள்

ஸ்டுட்கார்ட்வாசி:

மே மாதம் அப்பாவும் அம்மாவும் ஜோலார்பேட்டையிலிருந்து வருகிறார்கள். மூன்று வாரம் இருப்பார்கள். அரண்மனை, ஏரி, மலை ரயில் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. போனில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த ஹிட்லர் கேம்ப் உங்க பக்கத்துலயா இருக்கு?" மியூனிக் பக்கத்தில் நாஜிகள் நடத்திய வதைமுகாமான டாஹாவைத்தான் சொல்கிறார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போர் பற்றி யூடியூபில் அவர் பார்க்காதது எதுவும் பாக்கி இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மகளுக்கு 12 வயது, அவளும் வருவேன் என்கிறாள். மனைவிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "விருந்தாளியா வர்றவங்கள அங்கயா கூட்டிட்டுப் போவீங்க?" என்கிறாள். நேரம், வழி எல்லாம் தேடினால் கிடைத்துவிடும். வீட்டு ஆட்களோடு போனவர்கள் அங்கே என்ன நடந்தது என்று சொன்னால்தான் எனக்கு முடிவெடுக்க வரும்.

மியூனிக் மாமி:

ஊரிலிருந்து வந்தவர்களை இதுவரை ஐந்து முறை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். முதல் முறை செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். காலையில் டாஹாவ், மதியம் நகரச் சந்தை, சாயங்காலம் நாத்தனாருக்குக் கைப்பை வாங்குவது என்று ஒரே நாளில் அடைத்தேன். முகாமை விட்டு வெளியே வந்த பிறகு நாத்தனார் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில் பையைக் கையில் எடுத்து, திரும்ப வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம் அண்ணி" என்றாள். அன்றிலிருந்து டாஹாவ் போகிற நாளில் வேறு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. மாலை முழுக்கக் காலி. ராத்திரிக்கு ரசம் சாதம், அவ்வளவுதான்.

வழி சுலபம். மியூனிக் மத்திய நிலையத்தில் எஸ்2 ரயில், டாஹாவில் இறங்கி 726 பஸ். டிக்கெட்டில் 'எம்' என்ற கட்டணப் பகுதி மட்டும் போதாது, 'எம்-1' வேண்டும். நினைவிடத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. காதில் மாட்டிக் கேட்கும் கருவிக்குச் சிறு தொகை, அதைக் கண்டிப்பாக வாங்குங்கள். 34 மரக்கொட்டகைகள் இருந்த இடம் இது. இன்று திரும்பக் கட்டிய இரண்டு மட்டும் நிற்கின்றன, மற்றவை வெறும் அடித்தளக் கோடுகள். விளக்கம் இல்லாமல் போனால் பெரிய காலி மைதானத்தைப் பார்த்ததுபோல ஆகிவிடும். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு எச்சரிக்கை: தரையெல்லாம் சரளைக்கல். கடைசியில் உள்ள எரிகூடம் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடை. மகள் விஷயத்தில், 13 வயதுக்குக் கீழே கூட்டி வர வேண்டாம் என்பதுதான் நினைவிடத்தின் பரிந்துரை. ஒரு வயசு வித்தியாசம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இனி என் அம்மா கதை. கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில், மாத்திரை, ஸ்வெட்டர் எல்லாம் ஒரு மஞ்சள் துணிப்பையில் இருக்கும். மாமா பெண் கல்யாணத்துத் தாம்பூலப் பை. நான் அதைத் தினமும் பார்த்தவள்தான். பஸ் நிறுத்தத்தில் ஒரு வயதான ஜெர்மன் பெண்மணி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்தில் நானும் பார்த்தேன். பிள்ளையாருக்கு இரண்டு பக்கமும் சிவப்பில் ஒவ்வொரு ஸ்வஸ்திகா. போகிற இடம் டாஹாவ்!

எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மாளிடம் போய், இது எங்கள் கல்யாணச் சின்னம், பல நூறு வருஷமாக இருக்கிறது என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் "தெரியும்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனால் உள்ளே வருகிற எல்லோருக்கும் தெரியாதே" என்றார். கோபம் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அங்கேயே பையைக் காலி செய்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினோம். அம்மாவுக்கு ஒப்பவில்லை. "நம்ம ஸ்வஸ்திக் என்னடீ பாவம் பண்ணித்து?" என்று முனகிக்கொண்டே வந்தார். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம். மத அடையாளம் என்பது வேறு கணக்கு, சட்டம் நம் பக்கம் இருக்கலாம். ஆனாலும் அந்த வாசலில் நின்று வாதாட எனக்கு மனசு வராது.

கண்காட்சியில் அம்மா நாஜி ஊர்வலப் படங்கள், கொடிகள் எல்லாம் பார்த்தார். திரும்பும்போது ஸ்டேஷனில் பையை நேராகத் திருப்பித் தருகிறேன் என்றேன். "ஆத்துக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார்.

ஆகவே முதல் நாள் ராத்திரியே பை, செயின் டாலர், சால்வை, போன் உறை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கோட்டைத்தெரு:

நான் வேலூர், உங்கள் ஊர்ப் பக்கம்தான். நம் பக்கத்துக்காரர்கள் டாஹாவில் தேடிப் பார்க்க ஒரு பெயர் இருக்கிறது: நூர் இனாயத் கான்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தது எங்கள் வேலூர்க் கோட்டையில். 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வம்சாவளியில் வந்தவர் நூர். அப்பா ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவில் பிறந்த சூஃபி, சங்கீதக்காரர். அம்மா அமெரிக்கர். 1914இல் மாஸ்கோவில் பிறந்து பாரிஸ் பக்கம் வளர்ந்த நூர் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். போர் வந்ததும் இங்கிலாந்து போய், 1943 ஜூனில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவின் வயர்லெஸ் ஆளாக, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில் இறங்கினார். கூட இருந்தவர்கள் வரிசையாகப் பிடிபட்ட பிறகும் பாரிஸை விட்டு வராமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அக்டோபரில் அவரும் பிடிபட்டார். மாதக்கணக்கில் சங்கிலியில் வைத்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று இன்னும் மூன்று பெண்களோடு டாஹாவில் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. 1949இல் பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள்.

எரிகூடப் பகுதியில் அந்த நால்வருக்கும் ஒரு கல்வெட்டுப் பலகை உண்டு. நான் முதல் முறை போனபோது இது தெரியாமல் தாண்டி வந்துவிட்டேன். அடுத்த முறை அதற்காகவே போனேன். சின்னப் பலகைதான். சிறு வயதில் கோட்டை அகழியோரம் பட்டம் விட்டவன் அதன் முன்னால் நின்றது எப்படி இருந்தது என்று எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை, விட்டுவிட்டேன்.

பயணப்பை:

டாஹாவுக்குப் பதில் போலந்தில் உள்ள ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போகலாமா என்று அப்பா கேட்டால் சொல்கிறேன், அது வேறு கணக்கு. கிராகோவ் நகரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பெயர் கொடுத்துப் பதிய வேண்டும், கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். சீட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். நம்மவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முதலில், என் பெயர் பிறகு. நானோ இனிஷியல் போட்டுப் பதிந்துவிட்டேன். வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டி இனிஷியல் என்றால் என்ன என்று விளக்கி முடித்தபோது எனக்குப் பின்னால் நாற்பது பேர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள்.

கிராகோவில் 'ஆஷ்விட்ஸும் உப்புச் சுரங்கமும் ஒரே நாளில்' என்று விற்கிறார்கள். வேண்டாம். அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர், அதில் சுமார் 10 லட்சம் யூதர்கள். அந்தக் கணக்கு மண்டையில் ஏறுவது பழைய முகாமின் கட்டடங்களுக்குள் இல்லை. அங்கிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, அதே முகாமின் பெரிய பகுதியான பிர்கனாவில், தண்டவாளத்தோரம் நின்று பார்த்தால் முடிவே தெரியாத அந்த வெட்டவெளியில்தான் ஏறுகிறது. அதைப் பார்க்காமல் சுரங்கத்துக்கு ஓடுகிறவர்களை நான் பார்த்தேன். வெட்டிய தலைமுடியை வைத்திருக்கும் அறையில் படம் எடுக்கக் கூடாது. போர்டு வைத்திருக்கிறார்கள், அப்படியும் ஒருவர் போனைத் தூக்கினார்.

பெர்லின் மாணவன்:

சின்னதாக ஒன்று. பெர்லினிலிருந்து ஸாக்ஸன்ஹௌஸன் முகாமுக்குப் போகிறவர்கள் ஏ, பி, சி மூன்று கட்டணப் பகுதிக்குமான ஏபிசி டிக்கெட் எடுங்கள். முகாம் இருக்கும் ஒரானியன்பூர்க் 'சி' பகுதி. நான் ஏபி எடுத்து 60 யூரோ அபராதம் கட்டினேன். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அழுகை வந்தது. அரை மணி நேரம் கழித்து முகாம் வாசலில் நின்றபோது, இதற்கா அழுதோம் என்று வெட்கமாகிவிட்டது.

வன்னிப்பிள்ளை:

நான் ஜெர்மனியில் வளர்ந்தவள். அப்பா பிறகுதான் வந்து சேர்ந்தவர், 2009இல் இலங்கைப் போர் முடிந்த கையோடு சனத்தை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள்ளே ஏழு மாதம் இருந்தவர். வைமாருக்குப் போயிருந்த இடத்தில் அவரே பக்கத்திலுள்ள புக்கன்வால்ட் முகாமைப் பார்க்கவேணும் என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். நகரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், கவிஞர் கதேயின் வீட்டைப் பார்த்த கையோடு போய்விடலாம்.

வாசல் கம்பிக்கதவில் 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு' என்று ஜெர்மனில் எழுத்து வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறித் தெரியும். உள்ளே நிற்கிறவர் வாசிக்கவேணும் என்று அப்படி. அந்த எழுத்தை வடிவமைக்க வைக்கப்பட்டவர் ஃபிரான்ஸ் ஏர்லிஷ் என்ற கைதி, பௌஹௌஸ் என்ற நவீன வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர். நாஜிகளுக்குப் பிடிக்காத அந்தப் பௌஹௌஸ் பாணியிலேயே எழுத்தைச் செய்துவிட்டார், அவர்களுக்குப் பிடிபடவில்லை. இதை அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது முதல் முறையாகச் சிரித்தார்.

பேந்து உள்ளே நடந்தோம். வழிகாட்டி ஆட்களின் தொகையைச் சொன்னார்: மொத்தம் 2,80,000 அளவில் அடைக்கப்பட்டார்கள், 56,000 பேர் செத்தார்கள். அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எத்தனை பைப் இருந்ததாம்?" எனக்கு விளங்கவில்லை. "தண்ணிப் பைப் பிள்ளை. இவ்வளவு சனத்துக்கு எத்தனை பைப்?" நான் அந்தக் கேள்வியை வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றி வடிவாக விளக்கினார். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார், பாடம் கேட்கிறவர் மாதிரி இல்லை, தெரிந்ததைச் சரிபார்க்கிறவர் மாதிரி.

கணக்கெடுப்பு மைதானத்தில் தரையோடு தரையாக ஓர் உலோகத் தகடு பதித்திருக்கிறது, எந்த நாட்டு ஆட்கள் எல்லாம் இருந்தார்கள் என்ற பெயர்களோடு. 1995இல் வைத்தது. அதை எந்தக் குளிரிலும் 37 பாகையில் சூடாக வைத்திருக்கிறார்கள், மனித உடம்பின் சூடு. நாங்கள் போனது தை மாதம், சுற்றிவரப் பனி, அந்தத் தகட்டில் மட்டும் பனி இல்லை. அப்பா கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தார். நான் போதும் என்று சொல்லும் வரைக்கும் எடுக்கவில்லை.

கூட்டிக்கொண்டு போனது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் அவர் மெனிக் பாமைப் பற்றி என்னோடு கதைக்கத் தொடங்கினவர்.

ஸ்டுட்கார்ட்வாசி:

போய்விட்டு வந்தோம். உங்கள் எல்லோர் பேச்சையும் கேட்டுத்தான் திட்டம் போட்டேன். முதல் நாளே மியூனிக் போய்த் தங்கினோம். மகளை மனைவி அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். அம்மாவின் பையைப் பார்த்துவிட்டேன், அதில் வெறும் ஜவுளிக்கடை விளம்பரம்தான். எலுமிச்சைச் சாதத்தைப் போவதற்கு முன்பே ஸ்டேஷனில் சாப்பிட்டாயிற்று.

அம்மா பாதி தூரம் நடந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் போய்வாருங்கள் என்றுவிட்டார். அப்பாதான் எனக்கு ஆச்சரியம். 1933 மார்ச்சில் ஆரம்பித்த முகாம், 2 லட்சத்துக்கும் மேல் கைதிகள், 41,500 பேர் செத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எரிகூடத்தில் வேலூர்க்காரர் சொன்ன பலகையைத் தேடிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எல்லாவற்றையும்விட அவரை நிறுத்தியது வாசல் பக்கம் கொஞ்ச தூரம் கிடக்கும் பழைய தண்டவாளம். 1945 ஏப்ரல் தொடக்கத்தில் புக்கன்வால்டில் கிளம்பிய ரயில் ஒன்று டாஹாவ் வந்து சேர மூன்று வாரம் ஆனதையும், 29ஆம் தேதி அமெரிக்கப் படை வந்தபோது பெட்டிகளில் 2,000க்கும் மேல் பிணங்கள் கிடந்ததையும் நான் கருவியில் கேட்டுச் சொன்னேன்.

"எவ்ளோ தூரம்?"

நானூறு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும் என்றேன்.

"ஒரு ராத்திரி ஓட்டம்டா அது." கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்தார். "மூணு வாரம்னா எத்தன ஸ்டேஷன்ல நின்னுருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு மாஸ்டர் இருந்திருப்பான். லைன் கிளியர் குடுத்திருப்பான். ஒருத்தன் கொடி காட்டியிருப்பான்." அப்புறம் பஸ் வரும் வரை பேசவில்லை.

விடுதிக்கு வந்ததும் அம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, எதையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போனார். அப்பா வரிசையில் நிற்பதுபோலக் கதவோரம் நின்றார். மகள் என்னைப் பார்த்தாள். பாட்டி ஈரத் தலையோடு வெளியே வந்ததும், "ஏன் பாட்டி ராத்திரியில தலைக்குக் குளிச்சீங்க?" என்றாள்.

"சாவுக்குப் போய்ட்டு வந்தோம் கண்ணு."

"யாரு செத்துட்டாங்க?"

அம்மா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "உங்கப்பாவைக் கேளு" என்றார். மணி எட்டு. அவளை உட்காரவைத்து, 1933லிருந்து ஆரம்பித்தேன்.