கனடா பிஆர்: முதல் தடவை இறங்கும்போது கையில் என்ன இருக்கணும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தங்கச்சி, மாப்பிள்ளை, 4 வயசுப் பையன் மூணு பேருக்கும் கனடா பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) வந்தாச்சு. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியாச்சு, சிஓபிஆர் (பிஆர் கிடைச்சதை உறுதி செய்யற) காகிதமும் கையில் இருக்கு. நெடும்பாசேரியிலிருந்து (கொச்சி ஏர்போர்ட்) துபாய் வழியா டொராண்டோ. மொதல்ல இறங்கிப் பதிஞ்சுட்டு 3 வாரத்தில் திரும்பி வந்து, வீட்டையெல்லாம் ஒதுக்கிட்டு அப்புறம் மொத்தமா போற யோசனை. பாலக்காட்டு ஏஜென்ட் எல்லாச் சான்றிதழுக்கும் நோர்க்கா (வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசுத் துறை) அட்டெஸ்டேஷன் வேணும்ங்கறார். நிஜமா? கல்யாண நகையை என்ன பண்றது?

கல்பாத்தி:
இறங்குறதுக்கு அட்டெஸ்டேஷன் வேண்டாம், அந்தக் காசை மிச்சம் பிடிங்க. எல்லை அதிகாரி பார்ப்பது பாஸ்போர்ட், விசா, சிஓபிஆர். பணத்துக்கு ஆதாரம் காட்டிப் பிஆர் வாங்கியிருந்தா, பேங்கிலிருந்து புதுக் கடிதம் ஒண்ணு. 10,000 கனடா டாலரோ அதுக்கு மேலோ கையில் கொண்டுபோனா, அறிவிக்கணும். கொண்டுபோவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம்.

சிஓபிஆரில் கையெழுத்தை வீட்டிலேயே போட வேண்டாம். அதிகாரி சொல்லும்போது அவர் முன்னால்தான் போடணும். அதிலுள்ள கடைசித் தேதியைப் பாருங்க. பொதுவா மெடிக்கல் எடுத்த நாளிலிருந்து 12 மாசம், பாஸ்போர்ட் அதுக்கு முன்னால் முடிஞ்சா அந்தத் தேதி. நீட்டித்துத் தரமாட்டாங்க. மாப்பிள்ளைதான் முதன்மை விண்ணப்பதாரர்னா, தங்கச்சியும் பையனும் அவருக்கு முன்னால் போய் இறங்க முடியாது.

உங்க திட்டத்தில் ஓட்டை இருப்பது 3 வாரத்தில்தான். ஒட்டின விசா முதல் நுழைவோடு முடிஞ்சுபோகும். சிஓபிஆர் பயண ஆவணம் கிடையாது. அடுத்த தடவை நெடும்பாசேரி கவுன்டரில் பிஆர் கார்டு கேட்பாங்க, இல்லைன்னா போர்டிங் பாஸ் தரமாட்டாங்க. கார்டு கனடா முகவரிக்கு மட்டும்தான் தபாலில் வரும். 3 வாரத்தில் வந்துடும்னு நம்பி டிக்கெட் போடாதீங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அப்போ கார்டு இல்லாமல் ஊருக்கு வந்துட்டா?

கல்பாத்தி:
இங்கிருந்தே பிஆர் டிராவல் டாக்குமென்டுக்கு விண்ணப்பிக்கணும். ஆளுக்கு 50 கனடா டாலர், பையனுக்கும் தனி விண்ணப்பம். பெரும்பாலும் ஒரே தடவை நுழையத்தான் தருவாங்க. அது கையில் வந்த பிறகு திரும்பும் டிக்கெட் போடுவது நல்லது.

இல்லைன்னா, இறங்கும்போது அங்குள்ள சொந்தக்காரர் முகவரியைக் கொடுத்து, வரும் கார்டை அவர் கூரியரில் அனுப்பலாம். பலரும் செய்யறாங்க, வழியில் தொலைஞ்சா மறுபடியும் டிராவல் டாக்குமென்ட்தான். முகவரி கொடுக்காமல் மட்டும் விடாதீங்க. 180 நாளுக்குள் கொடுக்கலைன்னா கார்டுக்குக் காசு கட்டித் தனியா விண்ணப்பிக்கணும்.

வாளையார் செக்போஸ்ட்:
நகைக்கு வர்றேன். முதல் பயணத்தில் நகையை லாக்கரிலேயே விடுங்க, ஆனா பட்டியலில் சேர்க்காம மட்டும் இருந்துடாதீங்க. கனடா சுங்கத்தில் கொடுக்கும் பிஎஸ்எஃப்186 படிவத்தில் (பழைய பேர் பி4) இரண்டு பட்டியல்: இப்போ கூட வர்றது, பின்னால் வரப்போறது. நகை முழுக்க இரண்டாவதில் போகணும். முதல் வருகையிலேயே எழுதலைன்னா, பின்னால் கொண்டுவரும்போது வரிவிலக்குக் கேட்க முடியாது.

“தங்க நகை, 40 பவுன்” என்று மொத்தமா எழுதினா பிரயோஜனமில்லை. “காசுமாலை ஒண்ணு, 22 காரட், 48 கிராம், டாலர் மதிப்பு இவ்வளவு” என்று ஒவ்வொண்ணா எழுதி, எடை தெரியும்படி நகைக்கடையில் மதிப்பீடு வாங்கி, படம் எடுத்து வையுங்க. சொந்தமா வைத்துப் பயன்படுத்தியதுக்குத்தான் சலுகை. புறப்படும்போது புதுசா வாங்கி அணியாத சங்கிலி அதில் சேராது. இப்பவே போட்டுப்போயி திரும்பக் கொண்டுவர்றதா இருந்தா, நெடும்பாசேரி சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிட்டு ஏறுங்க, வரும்போது கேள்வி வராது.

கல்பாத்தி:
ஒண்ணு விட்டுப்போச்சு. விசா வந்த பிறகு, இறங்கும் முன்னால் இன்னொரு குழந்தை பிறந்தால் விமானம் ஏறாமல் முதலில் கனடா குடிவரவுத் துறைக்கு எழுதுங்க. சொல்லாமல் இறங்கினா, அந்தக் குழந்தையைப் பின்னால் குடும்ப வகையில் ஸ்பான்சர் பண்ணும் உரிமையே போய்விடலாம். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருக்க, புது பாஸ்போர்ட் எடுத்திருந்தாலும் அவங்களுக்குத் தெரிவிச்சுட்டு, இரண்டையும் கையில் வச்சுட்டுப் போகச் சொல்லுங்க.