ஃப்ளட்டருக்கு ‘உதறல்’ போதுமே

இதயத்துல வர்ற ஒரு துடிப்புக் கோளாறுக்கும் விமான இறக்கை தன்னால ஆடறதுக்கும் இங்கிலீஷ்ல ஃப்ளட்டர்னு ஒரே சொல்தான், அதுக்குத் தமிழ்ல சிறகடிப்புன்னு வைக்கலாம்னு சொல்றீங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மனசு சிறகடிக்குதுன்னா நம்மாளுக்கு காதல்தான் ஞாபகம் வரும், ஈசிஜி ரிப்போர்ட்ல அதை எழுதினா டாக்டரே சிரிச்சுடுவார். துருக்கிக்காரங்க இந்த இடத்துல என்ன வச்சிருக்காங்கன்னு கொஞ்சம் பாருங்க.

ஒட்டோமான் காலத்துல இந்தப் பதற்றம் பரபரப்புக்கெல்லாம் அரபியிலேர்ந்து எடுத்த சொல்லுங்க நிறைய. ஹெயெஜான், ஹலெஜான், ஹஃபகான், கலெயான்னு எல்லாமே ‘ஆன்’ல முடியும், ஏன்னா கொதிக்கிறது துடிக்கிறது அலைபாயறதுன்னு அடங்காத அசைவுக்கெல்லாம் அரபில அந்த ஒரே அச்சு. 1932ல மொழிக் கழகம் ஆரம்பிச்சு வெளிச்சொல்ல தேடித் தேடிக் களையெடுத்தாங்க. ஹலெஜான் கிட்டத்தட்ட போயே போச்சு. ஹெயெஜான் மட்டும் அசையல, மேட்ச் பாக்கறவனும் பரீட்சைக்குப் போறவனும் இன்னைக்கும் அதைத்தான் சொல்றான். ஜோஷ்குன்னு இன்னொரு சொல் இருந்தும் அது வெறும் உற்சாகம்தான், வயித்தக் கலக்கற பயமும் சேர்ந்தது ஹெயெஜான், அதை எப்படி எடுக்கறது?

நெஞ்சு படபடப்புக்கு அவங்க சொல்றது சார்பின்ட்டி. சார்ப்மாக்னா மோதறது, அடிக்கிறது (கணக்குல பெருக்கறதுக்கும் இதே சொல்தான், அது தனிக் கதை). அதுல உயிரெழுத்து ஒண்ணு மாறினா சிர்ப்மாக். ஈரத்துணிய கொடில போடறதுக்கு முன்னாடி உதறுவோமே, அது. கம்பளத்தை ஜன்னல் வழியா உதறறது, முட்டை அடிக்கிறது, கை தட்டறது, பறவை இறக்கை அடிக்கிறது எல்லாமே அதுக்குள்ள வந்துரும். கடல்ல காத்துக்குக் கிளம்பற குட்டி அலை கூட சிர்பின்ட்டி.

இப்ப நம்ம ‘உதறு’ சொல்லைப் பாருங்க, துணியும் உதறும், பறவையும் இறக்கைய உதறும், பயந்தவனுக்கு கைகாலும் உதறும். ஏட்ரியல் ஃப்ளட்டர்ங்கற கோளாறுல இதயத்தோட மேலறை நிமிஷத்துக்கு சுமாரா 300 தடவை ஒரே சீரா அடிக்குது, ஈசிஜில ரம்பப் பல் மாதிரி வரிசையா தெரியும், பல நேரம் ரெண்டுக்கு ஒண்ணுதான் கீழறைக்கு இறங்கறதால நாடி பாத்தா 150. மேலறை உதறல்னு எழுதினா நர்ஸுக்கும் புரியும். விமானத்துலயும் காத்தோட வேகம் ஒரு அளவைத் தாண்டினா இறக்கை வளையறதும் முறுக்கறதும் ஒண்ணுக்கொண்ணு ஏத்திவிட்டு கடைசில பிச்சுக்கிட்டே போயிரும், 1940ல அமெரிக்காவுல டகோமா பாலம் முறுக்கிக்கிட்டு விழுந்ததும் இந்த ஜாதிதான். அங்க இறக்கை உதறல்.

உதறல்னா பயம்னு அர்த்தம் வருமேன்னு கேப்பீங்க. வரட்டுமே, துடிப்புக்கும்தான் ஆர்வம்னு அர்த்தம் இருக்கு, யாரும் குழம்பல. படபடப்பை நோயாளி உணர்றதுக்கு மட்டும் விட்டுடலாம், அது அறிகுறி, உதறல் மெஷின்ல தெரியற கோளாறு, ரெண்டையும் கலக்க வேணாம். மிச்சம் ஃபிப்ரிலேஷன்ங்கற இன்னொரு இதயத் துடிப்புக் கோளாறு. நடுக்கம்னு போட்டா கை நடுக்கத்தோட இடிக்கும், சீரே இல்லாம ஆளுக்கொரு பக்கம் துள்ற தசைக்கு துடிதுடிப்புன்னு வைக்கலாமான்னு இதயம் பாக்கற டாக்டருங்க யாராச்சும் சொல்லுங்க.