மினெட்டா என்றால் இத்தாலியர் என்று நினைத்திருந்தேன்

விட்னி மலைப் பக்கம் போய்விட்டு 395-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பிக்கொண்டிருந்தோம். பையனுக்குக் கழிப்பறை வேண்டும் என்றுதான் மன்ஸனாரில் வண்டியை நிறுத்தினேன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம் இருந்த இடம் அது.

1942-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஆணையால் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடுவாசலை விட்டுக் கிளப்பப்பட்டார்கள். இந்த முகாமில் மட்டும் பத்தாயிரம் பேர். தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டகைகள், மறைப்பே இல்லாத கழிப்பறைகள், ஓயாத புழுதிக்காற்று. இவ்வளவும் முன்பே படித்ததுதான். படிக்காதது, 1943-இல் நீட்டிய விசுவாசப் படிவம். ஜப்பான் சக்கரவர்த்திக்குக் கட்டுப்படமாட்டேன் என்று உறுதி தரச் சொன்னது அதன் 28-ஆம் கேள்வி. ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கோ அமெரிக்கக் குடியுரிமை கேட்கவே 1952 வரை சட்டத்தில் இடமில்லை. சரி என்று எழுதினால் இருந்த ஒரு நாடும் போய்விடும். (வாசகத்தை அப்புறம் மாற்றினார்கள்.) பிள்ளைகள் மட்டும் பிறப்பால் குடிமக்கள், ஆனாலும் அதே கம்பிவேலிக்குள்.

எங்கள் வீட்டிலும் பையனிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட், நாங்கள் இருவரும் கிரீன் கார்டு வரிசையில். ஒப்பிடுவது அதிகப்படி, எங்களை யாரும் அடைத்துவைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன்.

கல்லறைத் தூண் அருகே காகிதக் கொக்குகளைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, எந்த ஊர் என்று கேட்டார். சான் ஹோசே என்றேன். "மினெட்டா விமான நிலையமா?" என்று சிரித்தார். அம்மா அப்பாவை அழைத்துவர எத்தனையோ முறை போன இடம். ஏதோ இத்தாலியர் பெயர் என்றே நினைத்திருந்தேன். அப்படிக் கிளப்பப்பட்ட பத்து வயது நார்மன் மினெட்டா சாரணர் உடையில் ரயிலேறினாராம், கையிலிருந்த பேஸ்பால் மட்டையைக் காவலர்கள் பிடுங்கிக்கொண்டார்களாம். அவரே பிறகு சான் ஹோசேவுக்கு மேயர், காங்கிரஸ் உறுப்பினர். அரசு மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்த 1988 சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர்.

பாட்டி ஒரு கொக்கைப் பையனிடம் கொடுத்தார். கட்ட வந்ததா, வைத்துக்கொள்ள வந்ததா என்று அவன் கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

---

பதில்:

நாங்கள் நியூ மெக்சிகோவில், ஆல்பகர்க்கி. இஸ்லெட்டா பூர்வகுடிக் கிராமத்தில் மண் அடுப்பு ரொட்டி விற்ற அம்மா, "நீ இந்தியனா? நானும்தான்" என்றார். மிகேல் ட்ருஹியோ பற்றிச் சொன்னதும் அவர்தான். அந்தக் கிராமத்துக்காரர், ஆசிரியர், உலகப்போரில் மரைன் படைவீரர். 1948-இல் வாக்காளர் பதிவுக்குப் போனவரை 'வரி கட்டாத இந்தியர்' என்று திருப்பி அனுப்பினார்கள். வருமான வரி கட்டியவர்! வழக்குப் போட்டு ஜெயித்தார். பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை 1924-லேயே வந்துவிட்டது. நியூ மெக்சிகோவில் ஓட்டுக்கு அதற்கப்புறம் 24 வருடம் ஆனது.

ரொட்டி அருமை. சூடாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.