ரெண்டு ஆம்ப், ஒரே ஐஇஎம், பாஸ் மட்டும் வேற: ரிவ்யூவில் எப்படி எழுதுறது?

சுருதிப்பெட்டி:

வணக்கம். ஒரு பழைய பேட்டரி ஆம்ப், ஒரு புது யுஎஸ்பி-சி டாங்கிள் (போன்ல செருகுற குட்டி ஹெட்போன் அடாப்டர்). ரெண்டையும் ஒப்பிட்டுத் தமிழ்ல ஒரு ரிவ்யூ எழுதணும். கேட்கிறது 5 பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர் (குட்டி ஸ்பீக்கர் ரகம்) உள்ள ஐஇஎம்ல, அதாவது காதுக்குள்ள அடைச்சு மாட்டுற இயர்போன்ல.

ஒரே பாட்டு, ஒரே பிளேயர். ஆனா பழைய ஆம்ப்ல மிருதங்கத்தோட தொப்பி (இடப்பக்கத்து பாஸ் ஓசை) ஊதிப்போன மாதிரி கேட்குது, ஜால்ராவும் தம்புராவோட ஜீவாளி ரீங்காரமும் மங்கல். டாங்கிள்ல அப்படியே தலைகீழ். இதே சோதனையை ஒத்த டைனமிக் டிரைவர் ஐஇஎம்ல பண்ணா பெருசா வித்தியாசமே இல்ல. பழையது 'வார்ம்' (பாஸ் தூக்கல்), புதுசு 'பிரைட்' (டிரெபிள் தூக்கல்)னு எழுதிட்டுப் போயிடலாமா? மனசு ஒப்பல.

கூடவே ரெண்டு சந்தேகம். பழைய ஆம்ப்ல பாட்டு ஓடாதப்பவும் 'உஸ்'ஸுனு சத்தம் வருது. டாங்கிள்ல சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன் போட்டா சத்தம் பத்தல.

கால்வாட்:

எழுதாதீங்க ப்ரோ. ஒத்த டைனமிக்ல வித்தியாசம் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க, பாதி விடை அதுலயே இருக்கு. பழைய ஆம்போட அவுட்புட் இம்பிடன்ஸ் (வெளியீட்டுல ஆம்புக்குள்ளயே இருக்கிற மின் எதிர்ப்பு, ஓம்ல சொல்றது) கூடுதலா இருக்கும்.

ஆம்புக்குள்ள இருக்கிற அந்த ஓம்ஸும் உங்க இயர்போனும் சேர்ந்து வோல்டேஜைப் பங்கு போட்டுக்கும். இயர்போனோட இம்பிடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஒண்ணா இருந்தா, மொத்த சத்தம் மட்டும் குறையும், தொனி மாறாது. ஒத்த டைனமிக் ஐஇஎம், பிளானார் (தட்டைச் சவ்வு டிரைவர்) எல்லாம் கிட்டத்தட்ட இந்த ரகம். கிராஸ்ஓவர் (அலைவரிசையைப் பிரிச்சுக் கொடுக்கிற சர்க்யூட்) போட்ட பல டிரைவர் ஆர்மேச்சர் அப்படி இல்ல, மேலயும் கீழயும் ஆடும். கணக்குக்கு பாஸ்ல 32 ஓம், டிரெபிள்ல ஒரு இடத்துல 8 ஓம்னு வச்சுக்கோங்க. ஆம்ப் 10 ஓம்னா பாஸ் 2.4 டெசிபல் குறையும், டிரெபிள் 7 டெசிபல் குறையும். ரெண்டுக்கும் நடுவுல 4.7 டெசிபல் சாய்வு. அதையே 0.5 ஓம் ஆம்ப்ல போட்டா சாய்வு 0.4 டெசிபல்தான். இயர்போனோட மிகக் குறைஞ்ச இம்பிடன்ஸ்ல எட்டில் ஒரு பங்குக்குள்ள ஆம்ப் இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

அளக்கிறது பெரிய வித்தை இல்ல. சென்னை ரிச்சி தெருவுல 33 ஓம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், கால் வாட் போதும், ஒரு 3.5 எம்எம் பிளக் வாங்குங்க. பிளக்கோட நுனி இடது, நடு வளையம் வலது, அடி கிரவுண்டு. நுனிக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மீட்டரை வைங்க. சைன் அலையை (ஒரே அலைவரிசையில ஓடுற டோன்) ஓடவிட்டு, சுமை இல்லாம, அதாவது ரெசிஸ்டர் மாட்டாம, 500 மில்லிவோல்ட் வர்ற மாதிரி வால்யூம் வைங்க. அப்புறம் வால்யூமைத் தொடாம அதே ரெண்டு முனைக்கு நடுவுல 33 ஓமை மாட்டிப் படிங்க. திறந்த வோல்டேஜை சுமை வோல்டேஜால வகுத்து, 1-ஐக் கழிச்சு, 33-ஆல பெருக்கினா அவுட்புட் இம்பிடன்ஸ். 500 வந்தது 384 ஆனா 10 ஓம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: டோன் ஓடுறப்ப இயர்போன் காதுல இருக்கக் கூடாது.

ஓம்ஸ்_ஆறுமுகம்:

கால்வாட் சார் சொன்ன முறை சரி. இரண்டு இடங்களில் கவிழும், அதை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது மீட்டர். எல்லார் வீட்டிலும் கிடக்கும் மஞ்சள் 830 ரக மீட்டரில் ஏசிக்கு 200, 750 வோல்ட் என்று இரண்டே ரேஞ்ச். 500 மில்லிவோல்ட் அதில் 0.5 என்று வரும், 384-உம் 0.4 என்று வரும். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏசி மில்லிவோல்ட் ரேஞ்ச் உள்ள, 6000 கவுண்ட் (திரையில் 5999 வரை காட்டும்) மீட்டர் வேண்டும். அதிலும் மலிவானவை 400 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் குறைத்துக் காட்டும், மேனுவலில் ஏசி அலைவரிசை எல்லை என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அதனால் டோனை 1 கிலோஹெர்ட்ஸில் வைக்காமல் 400-இல் வைப்பது நல்லது.

இரண்டாவது, 'சுமை இல்லாமல்' அளப்பது. ஜாக்கில் எத்தனை ஓம் மாட்டியிருக்கிறது என்று பார்த்து கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) மாற்றும் கருவிகள் உண்டு. எல்ஜி வி30 போன் 50 ஓமுக்குக் கீழே ஒரு கெயின், மேலே ஒரு கெயின், 600-ஐத் தாண்டினால் இன்னொன்று என்று போகும். சில டாங்கிள்கள் ஜாக்கில் எதுவும் இல்லாவிட்டால் விழிக்கவே விழிக்காது. எனவே 33 ஓம், 15 ஓம் என்று இரண்டு சுமையில் படியுங்கள். இரண்டு வோல்டேஜ்களின் வித்தியாசத்தை, இரண்டு மின்னோட்டங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் விடை. மின்னோட்டம் என்பது அந்தந்த வோல்டேஜை அதனதன் ஓமால் வகுப்பதுதான்.

4.4 எம்எம் பேலன்ஸ்டு வெளியீடு என்றால் கவனம். இடது மைனஸும் வலது மைனஸும் அங்கே கிரவுண்டு அல்ல, இரண்டிலும் சிக்னல் ஓடுகிறது. 3.5 மாதிரி நினைத்து அவற்றை ஒன்றாக முடிச்சுப் போட்டால் ஆம்ப் போய்விடும். இடது பிளஸுக்கும் இடது மைனஸுக்கும் நடுவில் அளங்கள்.

சுருதிப்பெட்டி:

ரொம்ப நன்றி. அளந்துட்டேன், 400 ஹெர்ட்ஸ்.

பழைய ஆம்ப்: 33 ஓம்ல 384 மில்லிவோல்ட், 15 ஓம்ல 300. கணக்குப் போட்டா 10 ஓம்.
டாங்கிள்: 492, 484. சுமார் 0.5 ஓம்.

அப்ப 'வார்ம்'ங்கிறது ஆம்போட குணம் இல்ல, இந்த ஜோடியோட குணம். சரியா? இப்ப ரெண்டையும் சமமான சத்தத்துல வச்சுக் கேட்கணும். போன்ல வால்யூம் பட்டனைத் தட்டினா ஒண்ணு கூடுது, இல்ல குறையுது, நடுவுல நிக்க மாட்டேங்குது.

கால்வாட்:

சரிதான். ரிவ்யூல ஓம்ஸைப் போட்டுட்டு, "இம்பிடன்ஸ் ஆடுற இயர்போன்ல பாஸ் தூக்கலா கேட்கும், சமமா இருக்கிறதுல கேட்காது"ன்னு எழுதுங்க. எதிர்மாதிரி ஐஇஎம்களும் இருக்கு, பாஸ்ல குறைஞ்சு டிரெபிள்ல ஏறுறது. அதுல இதே ஆம்ப் பிரைட்டா கேட்கும். உங்க 'வார்ம்'ஐ நம்பி வாங்கினவன் உங்களைத் திட்டுவான்.

சத்தத்தைச் சமப்படுத்துறது: போன் பட்டன்ல ஒரு படி 2, 3 டெசிபல்கூடத் தாவும். விண்டோஸ் லேப்டாப்ல ஈக்வலைசர் ஏபிஓங்கிற மென்பொருள் இலவசம், அதுல ப்ரீஆம்ப் அளவைப் பின்னத்துலயே மாத்தலாம். ஐஇஎம்மையே சுமையா மாட்டி வச்சு, 400 ஹெர்ட்ஸ்ல ரெண்டு ஆம்பும் ஒரே மில்லிவோல்ட் காட்டுற வரைக்கும் சரிபண்ணுங்க. 0.1 டெசிபல்ங்கிறது வோல்டேஜ்ல 1.2 சதவீதம், அதுக்குள்ள வந்தா போதும். அரை டெசிபல் கூட இருந்தாலும் யாருக்கும் சத்தம் கூடுனதா தெரியாது. 'டீடெயில்' கூடுன மாதிரி, 'மேடை' விரிஞ்ச மாதிரிதான் தெரியும். இங்க வர்ற ஆம்ப் சண்டையில முக்கால்வாசி இதுதான்.

சமப்படுத்தின பிறகும் உங்க ஐஇஎம்ல சாய்வு இருக்கத்தான் செய்யும், அது 10 ஓம் வேலை. மிச்சம் ஏதாவது இருக்கான்னு தெரியணும்னா ஒத்த டைனமிக்ல கேளுங்க, மாத்தி மாத்திப் போடுறதை வேற ஆள் செய்யட்டும்.

தம்பிடி:

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? மார்கழி சீசன்ல மியூசிக் அகாடமில உட்கார்ந்து கச்சேரி கேட்கிற காது இருந்தா போதாதா?

ஓம்ஸ்_ஆறுமுகம்:

காது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே தம்பிடி சார். சத்தம் சமமாக இல்லாவிட்டால் அகாடமிக் காதும் ஏமாறும், அவ்வளவுதான்.

நீங்கள் எடுத்துக் கொடுத்த கச்சேரி விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். சபாவில் பதிவானவற்றில் அரங்கத்து மைக்கின் நிறமும் ஒலிபெருக்கியின் ரீங்காரமும் கலந்திருக்கும். ஐஇஎம்மின் குறை எது, பதிவின் குறை எது என்று பிரிக்க முடியாது. ஸ்டூடியோ பதிவு எடுங்கள். தனி ஆவர்த்தனத்தில் தொப்பி ஒலி வலந்தலைச் (வலப்பக்கத்து) சொற்களின் மேல் வழிகிறதா என்று பார்த்தால் நடு பாஸ் வீக்கம் பிடிபடும். நாகஸ்வரம் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் மேட்டைக் காட்டிக்கொடுக்கும், அங்கே தூக்கிய ஐஇஎம்மில் ஐந்து நிமிடத்தில் கழற்றத் தோன்றும். தம்புரா மட்டும் ஓடவிட்டு ஜீவாளியின் மேலோசைகள் எவ்வளவு தூரம் பிரிந்து கேட்கின்றன என்று கவனியுங்கள். அது நின்று ஒலிப்பதால் ஆம்ப் மாற்றிப் பார்க்க வசதி. பாட்டில் ஆம்ப் மாற்றுவதற்குள் அந்த சங்கதி கடந்துவிடும்.

சுருதிப்பெட்டியின் பழைய இரண்டு கேள்விகளுக்கு யாரும் வரவில்லை.

'உஸ்' சத்தம்: ஐஇஎம்மின் உணர்திறன்தான் காரணம். கேம்ப்ஃபயர் ஆண்ட்ரோமெடா என்ற ஐஇஎம்முக்குக் கம்பெனி கொடுத்த கணக்கு, 94 டெசிபலுக்கு 7.01 மில்லிவோல்ட். 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் உள்ள ஆம்ப் அதில் சுமார் 37 டெசிபல் சத்தம் எழுப்பும். இரவில் அமைதியான அறையில் இது நன்றாகக் கேட்கும். 1 மைக்ரோவோல்ட் ஆம்ப் என்றால் 17 டெசிபல், ஃபேன் ஓடினாலே மறைந்துவிடும். வால்யூமைக் குறைத்தாலும் இரைச்சல் குறையாவிட்டால் அது வால்யூம் கட்டத்துக்குப் பிறகு பிறக்கிறது என்று பொருள். லோ கெயின் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையேல் ஒவ்வொரு சேனலிலும் 22 ஓம் தொடராக, அதன் பிறகு ஐஇஎம்முக்கு இணையாக 2.2 ஓம். திறந்த நிலையில் 21 டெசிபல் குறையும், இரைச்சலும் அதே அளவு இறங்கும். இதில் ஒரு லாபம், ஐஇஎம் இப்போது பார்ப்பது 2 ஓம் மூலத்தை. உங்கள் 10 ஓம் ஆம்பில் போட்டாலும் அதே 2 ஓம்தான், பாஸ் சாய்வும் பெரும்பாலும் போய்விடும்.

எச்டி 600: 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 97 டெசிபல். உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றால் 4.5 வோல்ட் தேவை. 1 வோல்ட் தரும் டாங்கிளில் உச்சமே 97-இல் நின்றுவிடும். சினிமாப் பாட்டு சத்தமாக மாஸ்டர் செய்தது, சமாளித்துவிடும். கச்சேரிப் பதிவில் சராசரி மிகக் கீழே இருக்கும், அங்கேதான் 'பத்தல' என்று தோன்றுகிறது. ஆப்பிள் டாங்கிளை ஐரோப்பாவிலிருந்து யாராவது வாங்கி வந்தால் அது 0.5 வோல்ட்தான், இன்னும் 6 டெசிபல் குறைவு. டாங்கிள் வாங்கும்போது மில்லிவாட்டைப் பார்க்காதீர்கள். 32 ஓமில் எத்தனை மில்லிவாட் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், 300 ஓமுக்குக் கணக்கு வோல்ட்டில்.

சுருதிப்பெட்டி:

நீங்க சொன்ன 22, 2.2 ஓம் அட்டெனுவேட்டர் போட்டாச்சு, 'உஸ்' காணோம். பாஸும் டாங்கிள்கிட்ட வந்துடுச்சு. ஆனா இப்ப அமைதியானதும் வேற ஒண்ணு தெரியுது: ரெண்டு ஆம்ப்லயும் வலது பக்கம் லேசா மங்கல். குரல் நடுவுல நிக்காம இடப்பக்கம் சாயுது.

நாசில்_நல்லதம்பி:

ரெண்டு ஆம்ப்லயும்னா ஆம்ப் தப்பிச்சுது. கேபிளோட இடது வலதைக் கழட்டி மாத்தி மாட்டுங்க. மங்கல் இடது காதுக்கு வந்தா கேபிள், வலதுலயே இருந்தா இயர்போன். 2-பின் கனெக்டரா இருந்தா பின்னைத் திருப்பி மாட்டிடாதீங்க. ஒரு பக்கம் மட்டும் தலைகீழானா பாஸ் காணாமப் போகும், குரல் எங்கேருந்து வருதுன்னே தெரியாது.

இயர்போன்னா முதல் சந்தேகம் நாசில் (சத்தம் வெளிவர்ற குழல்) வலை மேல. நம்ம ஊர்ல ஏசி ரூம்ல இருந்து வெயிலுக்கு வந்தாலே கண்ணாடி வேர்க்குதுல்ல, அந்த மாதிரி வலையிலயும் ஈரம் கோக்கும், மேல காதழுக்கு படியும். டிரெபிள்தான் முதல்ல போகும். டிப்பை (காதை அடைக்கிற ரப்பர்) கழட்டி, நாசிலைக் கீழ்ப்பார்த்துப் பிடிச்சு, டார்ச் வெளிச்சத்துல பாருங்க. வலையோட கண்ணுகள்ல பளபளன்னு சவ்வு மாதிரி தெரிஞ்சா அது ஈரம். ஊசி விடாதீங்க, ஆல்கஹாலை ஊத்தாதீங்க, வலையைப் பிடிச்சிருக்கிற பசை இளகிடும். டிஷ்யூ பேப்பரை நாசில்ல ஒத்தி எடுத்துட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடின டப்பாவுல ராத்திரி முழுக்க வைங்க. அப்பவும் மாறலைன்னா வலையை மாத்தணும், ஒட்டுற வலை 4, 4.5 எம்எம்னு தனியா கிடைக்கும். நாசில் உள்விட்டத்தை அளந்துட்டு வாங்குங்க. அடர்த்தி வேறயா இருந்தா தொனியே மாறும், அதனால ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க.

கப்ளர் (இயர்போனை அளக்கிற செயற்கைக் காது) வாங்குற யோசனை இருந்தா, 711 ரக நகல் போதும், ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசம். இயர்போனை கப்ளருக்குள்ள நுழைக்கிற ஆழத்தை மாத்தினா, கிராஃப்ல 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர் முன்ன பின்ன நகரும். ரெண்டு பக்கத்தையும் அந்தக் கூர் 8-லயே நிக்கிற ஆழத்துக்கு வச்சு அளந்தாத்தான் ஒப்பிட முடியும், அதுக்கு மேல வர்ற கோட்டை ரிவ்யூல பெருசா நம்பாதீங்க. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ கோடு சரிஞ்சா டிப் சரியா அடைக்கலைன்னு அர்த்தம், எடுத்து மறுபடி வைங்க. அளக்கிறப்ப ஃபேனை நிறுத்துங்க, லேப்டாப்பை சார்ஜர்ல இருந்து கழட்டுங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடிட்டிருந்தா அந்தக் கிராஃபைத் தூக்கிப் போட்டுடுங்க.

சுருதிப்பெட்டி:

கேபிளை மாத்திப் பார்த்தேன், மங்கல் வலதுலயேதான் நிக்குது. வலையில சவ்வும் தெரியுது. டப்பாவுல போட்டுட்டேன், காஞ்சதும் இடது வலது ரெண்டையும் அளந்துட்டுத்தான் ரிவ்யூவைப் போடுவேன்.

கால்வாட்:

போடுறப்ப எந்த டிப், எந்த சைஸ், கெயின் எது, எத்தனை மில்லிவோல்ட்ல சமப்படுத்தினீங்கன்னு மேலயே ஒரு வரி போட்டுடுங்க ப்ரோ. 22 ஓமும் 2.2 ஓமும் எப்படி சால்டர் பண்ணீங்கன்னு ஒரு படமும் வேணும், நிறைய பேர் கேட்பாங்க.