எஞ்சின் ஆயில் குறையாமல் ஏறுகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். விமானப் பராமரிப்பில் பயிற்சியில் இருக்கிறேன். பறந்து வந்த டர்போஃபேன் எஞ்சினில் ஆயில் சற்றுக் குறைந்திருப்பதே வழக்கம். ஒன்றில் மட்டும் மூன்று நாட்களாக ஏறிக்கொண்டே போகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மூத்த தொழில்நுட்பர்:
எஞ்சின் நின்ற எவ்வளவு நேரத்தில் பார்த்தீர்கள், தம்பி? நெடுநேரம் ஆனால் டேங்கிலுள்ள ஆயில் மெல்லக் கசிந்து கியர்பாக்ஸில் இறங்கிவிடும். குறைவென்று நினைத்து யாராவது ஊற்றியிருந்தால், அடுத்த ஓட்டத்தில் எல்லாம் டேங்குக்குத் திரும்பி அளவு மிஞ்சும். கையேடு குறிக்கும் நேரத்துக்குள் பார்த்த அளவையே நம்புங்கள்.

கேட்டவர்:
கையேடு சொல்லும் நேரத்துக்குள்தான், நின்ற 15 நிமிடத்தில் பார்த்தேன் ஐயா. பதிவேட்டின்படி இந்த வாரம் யாரும் ஊற்றவில்லை. ஆனால் மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை. கையுறை விரலில் நிற்காமல் ஆயில் தண்ணீர்போல் வழிந்தது.

மூத்த தொழில்நுட்பர்:
வாடையை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! ஜெட் எரிபொருளே மண்ணெண்ணெய் வகைதான். ஆயிலின் சூட்டை எரிபொருளுக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றியைப் பாருங்கள். ஒரே சாதனம் ஆயிலைக் குளிர்விக்கிறது, எரிபொருளில் பனி உறையாமலும் காக்கிறது. உள்ளே மெல்லிய குழாய்கள். பொதுவாக எரிபொருள் பக்கம்தான் அழுத்தம் அதிகம். குழாயில் விரிசல் விட்டால் எரிபொருள் ஆயிலுக்குள் புகும். அதனால்தான் அளவு ஏறுகிறது.

எஸ்டர் எனும் இந்த வகைச் செயற்கை ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரி செல்சியஸில் சுமார் 5 சென்டிஸ்டோக். எரிபொருள் கலந்தால் அது சரியும், பேரிங்குகளைக் காக்கும் ஆயில் படலம் மெலியும். தீ அபாயம் அதைவிடப் பெரிது. ஆயிலின் தீப்பற்று நிலை, அதாவது நெருப்புப் பட்டால் அதன் ஆவி பற்றத் தொடங்கும் வெப்பநிலை, 200 டிகிரிக்கு மேல். ஜெட் ஏ-1 எரிபொருளுக்குக் குறைந்தபட்ச வரம்பே 38 டிகிரிதான். எஞ்சினை இயக்காதீர்கள்.

கேட்டவர்:
வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் ஒரு பயணத்துக்காவது தாங்காதா?

மூத்த தொழில்நுட்பர்:
கூடவே கூடாது. ஓட்டை அப்படியே இருக்கும்போது புது ஆயிலும் கெடும். வடிப்பதற்கு முன் சுத்தமான பாட்டிலில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கையுறையைக் கழற்ற வேண்டாம். ஆயிலில் சேர்க்கும் ட்ரைகிரெசில் பாஸ்பேட் நச்சுத்தன்மை உள்ளது.

கேட்டவர் (நான்கு நாட்களுக்குப் பின்):
மாதிரியில் எரிபொருள் இருந்தது உறுதியானது. பரிமாற்றியை மாற்றி, ஆயில் அமைப்பு முழுவதையும் கழுவி, ஃபில்டர்களையும் மாற்றினோம். இன்று எஞ்சினை ஓட்டி நிறுத்திய பிறகு பார்த்தேன், அளவு ஏறவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தேன், ஆயில் வாடை மட்டுமே. நன்றி ஐயா.