மண் வேண்டாம், சரி. தண்ணீருக்கு எங்கே போவது?

உச்சிப்புளியிலிருந்து நான்:

மண்ணில்லாமல் ஆர்க்கிட் வளர்க்கப் போகிறேன் என்றதும் மாமியார் சிரித்தார். "இந்த ஊர்ல மண்ணுதான் இருக்கு, தண்ணிதான் இல்ல. நீ தலைகீழா செய்யிறியே!"

முதலில் டெண்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையில் இரண்டு செடிகளைத் தேங்காய் மட்டை, கரி போட்டுத்தான் தொங்கவிட்டேன். சீமைக்கருவேலம் இருக்கும்வரை இங்கே கரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். நாளுக்கு மூன்று தடவை தெளிக்க யாரால் முடியும்? அதனால்தான் டப்பாவின் அடியிலேயே தண்ணீரைத் தேக்கி வளர்க்கும் செமி ஹைட்ரோபோனிக்ஸ் பக்கம் போனேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா. அடியிலிருந்து ஓர் அங்குலம் விட்டுப் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை. உள்ளே சுட்ட களிமண் உருண்டைகள், லெக்கா என்று விற்கிறார்கள். ஓட்டைக்குக் கீழே தண்ணீர் நிற்கும், உருண்டைகள் அதை மேலே உறிஞ்சும். இடைவெளியில் காற்றும் இருப்பதால் வேர் மூச்சு முட்டாது.

முதல் செடியைப் பூத்திருக்கும்போதே மாற்றினேன். ஒரே மாதத்தில் வேரெல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டது. மட்டையில் வளர்ந்த பழைய வேருக்கு இந்த ஈரம் பழகாது. இரண்டாவது செடியில் புதுக் குருத்தின் அடியில் பச்சை வேர்நுனி எட்டிப் பார்க்கும்வரை பொறுத்திருந்து மாற்றினேன். அந்த வேர் தானாகவே உருண்டைகளுக்குள் இறங்கிக்கொண்டது.

அப்புறம் வந்ததுதான் பெரிய அடி. மேல் உருண்டைகளில் வெள்ளையாகப் படிந்தது, வேர்நுனி கருகியது. பூஞ்சை என்று நினைத்து மருந்தெல்லாம் அடித்தேன். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எங்கள் போர் தண்ணீரில் விட்டான்: லிட்டருக்கு 1,900 மில்லிகிராம்! அடியிலிருந்து ஏறும் தண்ணீர் மேலே ஆவியாகிப் போகிறது, உப்பு மட்டும் அங்கேயே தங்குகிறது. டப்பாவுக்குள் சின்னதாக ஓர் உப்பளமே நடத்தியிருக்கிறேன்.

இப்போது ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியிலிருந்து டிரம்மில் பிடிக்கிறேன். முதல் மழையை விட்டுவிடுவேன், மாடியில் கடற்காற்றின் உப்பு படிந்திருக்கும். வாரம் ஒருமுறை ஓட்டை வழியாக வழிந்தோடும்வரை ஊற்றி அலசுவேன். உரம், பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால்பங்கு. மழைநீரில் கால்சியம், மெக்னீசியம் இருக்காது, அதனால் அவை கலந்த உரமாகப் பார்த்து வாங்குகிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்:

அக்கா, என் கூத்தைக் கேளுங்கள். லெக்கா விலையைப் பார்த்துவிட்டு, கரையில் ஒதுங்கிய பவளக்கல் துண்டுகளைப் பொறுக்கி வந்தேன். ஏழு தண்ணீரில் அலசினேன், உப்பும் போய்விட்டது. ஆனாலும் புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பவளக்கல் என்றால் சுண்ணாம்புதானே! அது கரையக் கரையத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. விஷயம் தெரிந்த ஒருவர் இன்னொரு குண்டும் போட்டார்: பவளம் 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, கரையில் கிடந்தாலும் எடுக்கக் கூடாதாம். இரவோடு இரவாகக் கொண்டுபோய்க் கரையிலேயே போட்டுவிட்டு வந்தேன். இப்போது உடைத்த பழைய ஓடு. சுமாராக உறிஞ்சுகிறது.

ராமேஸ்வரத்திலிருந்து ஒருவர்:

என்னிடம் இருப்பது ஃபெலனாப்சிஸ் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட். இதே முறைதான், தண்ணீரும் மழைத் தண்ணீர்தான். இலை கை அகலம், வேர் டப்பா முழுக்க. இரண்டு வருஷமாக ஒரு பூ இல்லை. போன வருஷம் பெங்களூரில் இருக்கும் தங்கை ஒன்றை எடுத்துப்போனாள். தை பிறப்பதற்குள் பூந்தண்டு விட்டுவிட்டது. அது பூக்கச் சில வாரமாவது குளிர்ச்சி வேண்டும். நம் தீவில் மார்கழி ராத்திரியில்கூட மின்விசிறியை நிறுத்த முடிகிறதா?

மறுபடியும் உச்சிப்புளி:

அதனால்தான் நான் டெண்ட்ரோபியத்தைத் தாண்டவில்லை. வெயிலைத் தாங்கும், இங்கேயே பூக்கும்.

கொசுவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டெங்கு சோதனைக்கு வந்த அம்மா தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பார்த்துவிட்டு என் டப்பாக்களிடம் வந்தார். "கல்லுதானே" என்று நகரப்போனவர், ஒன்றைத் தூக்கியதும் ஓட்டை வழியாக அவர் சேலையிலேயே தண்ணீர் கொட்டியது. அன்றைக்கே பழைய கொசுவலையை வெட்டி எல்லா ஓட்டைக்கும் கட்டிவிட்டேன். அடுத்த தடவை வந்தபோது அவர் எதையும் தூக்கவில்லை, குனிந்து ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.